குதிரையைப் பங்குக்கு எடுப்பதா, குத்தகைக்கு எடுப்பதா?

இங்கிலாந்தில் சவாரிப் பள்ளிக்கு ஓரிரு வருடம் ஒழுங்காகப் போனவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டம் வருகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதவில்லை. ஒவ்வொரு முறையும் வேறொரு குதிரை, வேறொரு சேணம்; பழகத் தொடங்கும்போதே நேரம் முடிந்துவிடுகிறது. சொந்தமாக வாங்கலாம் என்றால் பணமும் இல்லை, துணிவும் இல்லை. அந்த நேரத்தில்தான் லாயத்தின் அறிவிப்புப் பலகையில் இரண்டு விதமான தாள்கள் கண்ணில் படும். ஒன்று, ‘வாரத்தில் இரண்டு நாள் பங்குக்கு ஆள் தேவை’. மற்றொன்று, ‘சாதுவான மட்டக்குதிரை, முழுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நல்ல குடும்பம் தேவை’.

வாரத்துக்கு எவ்வளவு செலவாகும் என்ற ஒரே கணக்கை வைத்துத்தான் பெரும்பாலோர் இந்த இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கு போதாது என்பது என் உறுதியான கருத்து. எந்தக் குதிரைக்கும் அதன் மேல் ஏறவே முடியாத மாதங்கள் வரும். அந்த மாதங்களில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்கு என்றால் குதிரை அதன் சொந்தக்காரரிடமே இருக்கும். நீங்கள் குறித்த நாட்களில் போய், அன்றைய வேலைகளைச் செய்து, சவாரி செய்துவிட்டு வருவீர்கள். வாரத்துக்கு ஒரு தொகை கொடுப்பீர்கள். மருத்துவர், லாடம், காப்பீடு எல்லாம் சொந்தக்காரர் பாடு. முழுக் குத்தகை என்றால் உரிமை மட்டும் அவரிடம் இருக்கும். செலவும் வேலையும் பொறுப்பும் முழுக்க உங்களுக்கு வந்துவிடும். இங்குள்ளவர்கள் இதை லோன் என்பார்கள். இதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் கேட்பதில்லை. அமெரிக்காவில் இதுவே லீஸ். அங்கே போட்டிக் குதிரைகளுக்கு அதன் விலையில் நான்கில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என ஆண்டுக் குத்தகை கேட்பது வழக்கம். பாதிக் குத்தகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: செலவையும் நாட்களையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது.

கென்ட்டில் இருக்கும் என் அக்கா மகளுக்கு அண்மையில் இப்படி ஒரு வாய்ப்பு வந்தது. அவளுடைய பத்து வயது மகள் சவாரி கற்கும் இடத்தில் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டுப் பெண் வளர்ந்துவிட்டதால் அவர்களுடைய வெல்ஷ் மட்டக்குதிரைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். “சித்தி, குதிரைக்கு ஒரு காசு கேட்கவில்லை. லாய வாடகை மட்டும் கொடுத்தால் போதுமாம். எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டாள். “ஒரு காசு கேட்கவில்லை என்றால் கேட்க வேண்டியது நீதானம்மா” என்றேன். அதன் பிறகு அவளிடம் தவணை தவணையாகச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த லாய வாடகை. கட்டண லாயங்கள் பல வகை. இடம் மட்டும் கொடுத்துவிட்டு எல்லா வேலையையும் உங்களிடமே விடுவது ஒரு வகை. இதற்கு வாரம் 30 முதல் 50 பவுண்டு வரை கேட்பார்கள். காலையில் வெளியே விடுவது, தீவனம் வைப்பது போன்ற சிலவற்றைச் செய்து தருவது அடுத்தது. முழுப் பராமரிப்பு என்றால் வாரம் 150, 200 பவுண்டு ஆகும். லண்டனைச் சுற்றி அதற்கு மேலும் போகும். அதோடு முடிவதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வர வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர் தவிர வேறு யாரும் லாடம் கட்டக் கூடாது என்பதால் மலிவான மாற்று எதுவும் கிடையாது. நான்கு கால்களுக்கும் லாடம் கட்ட ஏறக்குறைய 100 பவுண்டு ஆகிவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை சளிக்காய்ச்சல் தடுப்பூசி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை டெட்டனஸ், ஆண்டுதோறும் பல் பரிசோதனை, குடற்புழு இருக்கிறதா என்று லத்திச் சோதனை, உடம்பு மாறினால் சேணத்தைச் சரிபார்ப்பது, குளிர்காலம் முழுவதற்கும் உலர்புல். பங்குக்கு எடுப்பவர் வாரத்தில் இரண்டு நாளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் 20 முதல் 40 பவுண்டு. சிலர் பணமே வாங்காமல் வேலையை மட்டும் செய்யச் சொல்வார்கள்.

பணத்தைவிடக் கடினமானது வேலை. கோடையில் லாயத்தைப் பார்ப்பவர்களுக்கு இது புரியவே புரியாது. டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அலுவலகம் முடிந்து போய்ச் சேரும்போது மேய்ச்சல் நிலத்தின் வாசலில் குதிரைகள் மிதித்துக் குழைத்த சேறு கணுக்கால் வரை இருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றைக் கடந்து, குதிரையைப் பிடித்து, உள்ளே கொண்டுவந்து கட்ட வேண்டும். நனைந்த போர்வையைக் கழற்றி உலர்ந்ததைப் போட வேண்டும். ஒவ்வொரு குளம்பாகத் தூக்கி, அடியில் அப்பியிருக்கும் மண்ணையும் கல்லையும் கொக்கியால் கிளறி எடுக்க வேண்டும். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரல்களால் நான்கு கால்களையும் மேலிருந்து கீழே தடவிப் பார்க்க வேண்டும்: சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, குதிகாலுக்கு மேல் சேற்றுப்புண்ணின் பொருக்கு தட்டுப்படுகிறதா. அதன் பிறகு லத்தி அள்ளி, படுக்கை விரித்து, உலர்புல் வலையை நிரப்பி, தண்ணீர் வாளியை மாற்ற வேண்டும். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்தீவனம் வேண்டும். உறைபனி நாட்களில் காலையில் வாளியின் மேல் பனிக்கட்டியை உடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. முழுக் குத்தகையில், எல்லா வேலையும் நீங்களே செய்யும் லாயத்தில், இது ஒரு நாளைக்கு இரண்டு முறை. பொங்கலானாலும் கிறிஸ்துமஸானாலும் விடுமுறை இல்லை. ஊருக்குப் போக வேண்டும் என்றால் விமான டிக்கெட்டுக்கு முன்னால் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். நான்கு வாரம் யாழ்ப்பாணத்துக்கோ மதுரைக்கோ போய்வரும் நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

பங்கில் இந்தச் சுமை வாரத்தில் இரண்டு நாளோடு நிற்கிறது. ஆனால் அங்கே வேறொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: முடிவெடுக்கும் உரிமை. எந்தக் கடிவாளம், எவ்வளவு தீவனம், தடை தாண்டலாமா, சாலையில் தனியாகப் போகலாமா என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியவர் சொந்தக்காரர். அவருடைய முறை உங்கள் ஆசிரியர் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தாலும் அவர் குதிரை, அவர் சொல். நாளைக்கு அவர் குதிரையை விற்றுவிடலாம். இரண்டு வருடம் நீங்கள் பிள்ளைபோல் பழக்கிய குதிரை ஒரே வாரத்தில் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். ஆகவே, பங்குக்கு எடுப்பவர்கள் குதிரையைப் பார்ப்பதைவிடக் கவனமாகச் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறாரா, முன்பு பங்குக்கு இருந்தவர் ஏன் போனார், குதிரையின் குறையைத் தானாகவே சொல்கிறாரா என்று பாருங்கள். ‘இதற்கு ஒரு குறையும் இல்லை’ என்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இனி ஏற முடியாத மாதங்கள். குதிரைக்குக் கால் தசைநாரில் அடிபட்டால் வாரக்கணக்கில் லாயத்துக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டும். அதன் பின் கையில் பிடித்து நடத்த வேண்டும், முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம். பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும். சில குதிரைகள் வருவதே இல்லை. பங்கில் இருப்பவருக்கு இதனால் வரும் நட்டம் சவாரி மட்டும்தான். அந்தக் காலத்துக்கும் பணம் கொடுக்க வேண்டுமா என்பது அடிக்கடி மனக்கசப்பில் முடிகிற கேள்வி. லாய வாடகை நிற்பதில்லை என்பது சொந்தக்காரரின் நியாயம். ஏறாத குதிரைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பது மற்றவரின் நியாயம். முதல் மாதம் முழுத் தொகை, அதன் பின் பாதி, ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம் என்று முதலிலேயே பேசி வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் பழுதில்லை.

முழுக் குத்தகையில் நிலைமையே வேறு. நோயாளிக்குச் செவிலியும் நீங்கள்தான், செலவுக்குப் பொறுப்பும் நீங்கள்தான். நொண்டும் குதிரையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? பல சொந்தக்காரர்கள், எடுத்தபோது இருந்த நிலையில்தான் திருப்பித் தர வேண்டும் என்பார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது: நன்றாக ஓடிய குதிரையை ஓட்டிக் கெடுத்துவிட்டு, நொண்டியதும் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பதினெட்டு வயது மட்டக்குதிரைக்கு மூட்டு வாதம் வருவது யார் குற்றமும் அல்ல. அந்த வேறுபாட்டை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

குழந்தைகளுக்கென்று எடுக்கும் குதிரைகளில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வெல்ஷ், ஷெட்லாண்ட், எக்ஸ்மூர் போன்ற உள்நாட்டு மட்டக்குதிரை இனங்கள் கரடுமுரடான, சத்துக் குறைந்த புல்வெளியில் பிழைத்து வந்தவை. அவற்றைச் செழிப்பான வசந்தகாலப் புல்லில் விட்டால் உடல் கொழுத்து லாமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சி வந்துவிடுகிறது. குளம்பின் உள்ளே எலும்பைப் பிடித்திருக்கும் திசுக்கள் நைந்துபோகும்; முற்றினால் எலும்பே கீழே இறங்கிவிடும். வலி தாங்காமல் முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் சாய்த்து நிற்கும். இதைத் தடுக்க மேய்ச்சலைக் குறைக்க வேண்டும், வாய்க்கு மேய்ச்சல் கூடை போட வேண்டும். பசியோடு பார்க்கும் பிராணிக்குப் புல்லை மறுப்பது நம்மவர்களுக்குப் பெரும்பாவமாகத் தோன்றும். ஆனால் அனுபவமில்லாத குடும்பங்களின் கையில் மட்டக்குதிரைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அன்பினால்தான். முதல் முறையாகக் குதிரை வைத்துக்கொள்பவர் முழுக் குத்தகைக்குப் போகக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

நடு இரவில் வயிற்றுவலி வந்தால்? கோலிக் எனப்படும் இந்த நோய்க்கு அறுவைச் சிகிச்சை என்றால் பல ஆயிரம் பவுண்டு ஆகும்; காப்பீட்டின் உச்சவரம்பு அதற்குப் போதாமல் போகலாம். அறுவை செய்வதா, வலியில்லாமல் முடித்துவிடுவதா என்பதை மருத்துவர் உடனே கேட்பார். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் யார் சொல்வது? எந்தத் தொகை வரை, எந்த நிலையில், யார் முடிவெடுக்கலாம் என்று கையெழுத்திட்ட தாள் ஒன்று இருக்க வேண்டும். அதன் நகல் மருத்துவரிடமும் இருக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் விடுபட்டுப்போகும் வரி இதுதான். இருப்பதிலேயே மிகவும் தேவையான வரியும் இதுதான்.

சட்டத்தையும் இங்கே பார்த்துவிட வேண்டும். 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ விலங்கின் பொறுப்பை ஏற்பவர் யாரானாலும் அவரைப் பொறுப்பாளியாக்குகிறது. அதே நேரம் சொந்தக்காரரின் பொறுப்பு எந்த நிலையிலும் நீங்குவதில்லை. 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் இன்னும் கடுமையானது. குதிரையைத் தன் வசம் வைத்திருப்பவர் கவனக்குறைவாக நடக்கவில்லை என்றாலும் சில நிலைகளில் அது விளைவிக்கும் சேதத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். டெவனில் எதற்கோ மிரண்டு வேலியைத் தாண்டி ஓடிய குதிரைகள் இரவில் நெடுஞ்சாலையில் ஒரு காரில் மோதின, காரோட்டி படுகாயமடைந்தார். குதிரைகளை வைத்திருந்தவர்கள் மேல் கவனக்குறைவு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அவர்கள் ஈடு கொடுக்க வேண்டும் என்று 2003இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. முழுக் குத்தகைக்கு எடுத்தவர் குதிரையைத் தன் வசம் வைத்திருப்பவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஒரு நாள் கூட இருக்கக் கூடாது. பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் கோல்டு உறுப்பினர் திட்டத்திலேயே அது சேர்ந்து வருகிறது. பங்குக்கு எடுப்பவருக்கும் அது தேவை. சொந்தக்காரரின் காப்பீடு வேறொருவர் ஏறும்போது செல்லுமா என்பதைத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வாய்ப்பேச்சில் அல்ல.

குதிரைக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் எல்லாக் குதிரைக்கும் மைக்ரோசிப்பும் கட்டாயம். குதிரை இடம் மாறினால் பாஸ்போர்ட்டும் அதோடு போக வேண்டும். ஆனால் அது உரிமைப் பத்திரம் அல்ல. குத்தகைக்குக் கொடுத்த குதிரையை எடுத்தவர் விற்றுவிட்டு, சொந்தக்காரர் தேடி அலையும் கதைகள் இங்கே குறைவில்லை. கொடுக்கிறவர் பக்கம் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: அடிக்கடி போய்ப் பார்க்க முடியாத தொலைவுக்குக் குதிரையை அனுப்பாதீர்கள்.

எழுதி வாங்குவது நமக்குக் கூச்சமான காரியம். தெரிந்தவர்கள், நல்ல மனிதர்கள், அவர்களிடம் போய் ஒப்பந்தம் நீட்டுவதா என்று தயங்குகிறோம். குதிரை விஷயத்தில் இந்தத் தயக்கம் நட்பைக் காப்பதில்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது போல, அடிபட்டதும் அல்லாமல் வழக்கும் வந்து சேரும். பிரிட்டிஷ் குதிரைச் சங்கமே மாதிரி ஒப்பந்தம் வைத்திருக்கிறது; அதை எடுத்து உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். குதிரை எங்கே இருக்கும், யார் யார் ஏறலாம், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், சேணமும் கடிவாளமும் எந்த நிலையில் கை மாறின என்பதற்குப் புகைப்படம், எத்தனை வார முன்னறிவிப்பு, விற்பதானால் முதலில் உங்களிடம் கேட்பாரா என எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கான பங்கு என்றால் எந்தப் பெரியவர் உடனிருப்பார் என்பதும்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர், ரெட்விங்ஸ் போன்ற தொண்டு அமைப்புகள் தாங்கள் மீட்ட குதிரைகளை உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு குடும்பங்களிடம் ஒப்படைக்கின்றன. வீட்டையும் நிலத்தையும் வந்து பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். பின்னும் வந்து பார்ப்பார்கள். உங்களால் முடியாமல் போனால் குதிரைக்குப் போக ஓர் இடம் உண்டு என்பது பெரிய ஆறுதல். இது அனுபவமுள்ளவர்களுக்கு, முதல் குதிரையாக ஆசைப்பட வேண்டாம்.

என் முடிவு இதுதான். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குப் பங்கே போதும்; பலருக்கு வாழ்நாள் முழுவதும் அதுவே போதும். அதைக் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு நாள் முழு மனதோடு வருகிறவர் ஒரு குதிரைக்குக் கிடைப்பது நல்ல காலம். குழந்தைகளுக்கு முழுக் குத்தகை இயல்பாகப் பொருந்தும், ஏனென்றால் பிள்ளைகள் வளர்வார்கள், மட்டக்குதிரை வளராது. சவாரி செய்பவரின் எடை சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு. அதற்கும் கீழே இருப்பதே நல்லது. இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளை அந்த வரம்பை நெருங்கும்போது, வாங்கிய குதிரை என்றால் விற்க மனம் வராது, வைத்திருக்க வழியிருக்காது. குத்தகை என்றால் அது தன் வீட்டுக்குப் போகும், அல்லது அடுத்த பிள்ளையிடம் போகும். ஆனால் அந்தக் குத்தகைக்கு முன்னால் அதே குதிரையோடு, அதே லாயத்தில், ஒரு குளிர்காலப் பங்கு கட்டாயம் வேண்டும்.

அக்கா மகளிடமும் அதைத்தான் கேட்கச் சொன்னேன்: அக்டோபரிலிருந்து மார்ச் வரை வாரத்தில் மூன்று நாள் பங்கு, பிறகு இரு தரப்புக்கும் சம்மதமென்றால் லாயம் மாறாமல் முழுக் குத்தகை, காலை வேலை லாயத்தாரிடம். அந்தக் குடும்பம் உடனே ஒத்துக்கொண்டது. நல்ல சொந்தக்காரர்கள் இப்படி ஒரு யோசனையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள். உடனே எடுத்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறார்கள் என்று அவசரப்படுத்துகிறவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்.

கடைசியாக, குதிரையைப் பார்க்கப் போகும் நாள். முன்கூட்டியே பிடித்துத் தேய்த்துச் சேணம் போட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேய்ச்சல் நிலத்தில் நிற்கும்போதே போங்கள். பிடிக்கப் போனால் வருகிறதா, ஓடுகிறதா என்று பாருங்கள். குளம்பைத் தூக்கும்போதும், சேணத்தின் வாரை இறுக்கும்போதும் காதைப் பின்னுக்கு மடக்குகிறதா என்று கவனியுங்கள். முதலில் சொந்தக்காரரோ அவர் பிள்ளையோ ஏறிக் காட்டட்டும். அவர்கள் ஏற மறுக்கும் குதிரையில் நீங்களும் ஏறாதீர்கள். சாலைக்கும் கொண்டுபோங்கள்: 2022இல் திருத்திய சாலை விதிப்படி கார்கள் மணிக்கு 10 மைலுக்குக் குறைவான வேகத்தில், குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும், எல்லோரும் அப்படிக் கடப்பதில்லை, ஆகவே வேகமாகப் போகும் லாரிக்குக் குதிரை என்ன செய்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். முழுக் குத்தகை என்றால் வாங்குவதுபோலவே உங்கள் செலவில் மருத்துவரை வைத்து ஒரு முறை சோதித்துவிடுங்கள். முடிந்தால் அந்தக் குதிரைக்கு லாடம் கட்டுபவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை அதன் காலைத் தன் மடியில் வைத்திருப்பவர் அவர்.